சிவப்புக் கிளிப்

வேலை மேசையில் காபி மெஷினைக் காணோம்.

டெஸ்டர்க்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே நின்றாள். கையில் ஒரு சின்னக் காகித உறை. அதற்குள் அந்த மெஷினுக்காகவே பஸ் ஏறிப் போய், இரண்டு கடை அலைந்து வாங்கி வந்த தெர்மோஸ்டாட் ஒன்று, ஃபியூஸ் ஒன்று. பொருள் வந்துவிட்டது, பொருத்த வேண்டிய மெஷின் இல்லை. மேசைக்கடியில் குனிந்து பார்த்தாள். அலமாரியில் பார்த்தாள். மிக்ஸி இருந்தது, இரண்டு இஸ்திரிப் பெட்டி இருந்தது, யாரோ கொடுத்துவிட்டு மறந்தே போன மின்விசிறி இருந்தது.

கொண்டையில் எப்போதும் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் திருப்புளியைச் செருகிக்கொண்டு திரிவதால் அந்தத் தெருவே அவளை டெஸ்டர்க்கா என்றுதான் கூப்பிடும். பின்னறையில் அவள் பழுது பார்ப்பாள். முன்னறையில் அவள் கணவர் உட்கார்ந்து பொருளை வாங்குவார், கொடுப்பார், ரசீது எழுதுவார். ரசீது எழுதுவதில் மனிதருக்கு அப்படி ஒரு ஆசை. யாராவது தும்மினால்கூட அதற்கும் ஒரு ரசீது கிழித்துக் கொடுத்துவிடுவார் என்று கேலி பேசுவார்கள். அதனால் அவர் ரசீதுக்காரர்.

இருவரும் பேசி நான்கு நாள் ஆகிறது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வாடிக்கையாளரிடம் அவர், "அவ கொஞ்சம் மெதுவுதான், ஆனா ஒழுங்கா செய்வா" என்று சொல்லிவிட்டார். ஒழுங்காகச் செய்வாள் என்பது அவள் காதில் ஏறவில்லை. மெதுவு என்பது மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அன்றிலிருந்து வீட்டிலும் கடையிலும் பேச்சு கிடையாது. எல்லாம் துண்டு ரசீதில்தான். "சாப்பாடு மேசையில் மூடி இருக்கிறது." "மிக்ஸி நாளைக்கு." "தண்ணீர் வரவில்லை." அவர் துணியை அவரே துவைத்துக்கொண்டார். அதையும் ஒரு வீராப்பாகவே செய்தார்.

டெஸ்டர்க்கா முன்னறைக்கு வந்தாள். ரசீதுக்காரர் மேசையில் தாளம் போட்டபடி சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட முகம்.

அவள் ஒரு ரசீதுத் தாளை எடுத்து எழுதத் தொடங்கினாள். "காபி மெ" என்பதோடு பேனா நின்றது. தாளைக் கசக்கி எறிந்தாள்.

"காபி மெஷின் எங்கங்க?"

நான்கு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. அவர் ஜெயித்தவர்போலச் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு பாதியில் போய்விட்டது.

"டீச்சர் மெஷின்தானே, அவங்க வீட்லயே கொண்டுபோய்க் கொடுத்துட்டேன். அவங்களுக்கு மத்தியானம் பரீட்சை ட்யூட்டியாம். ரெடியான்னு போன் பண்ணாங்க. நானே வண்டியில வச்சு எடுத்துட்டுப் போய், சமையலறையில வச்சு, பிளக்கையும் மாட்டிட்டு வந்தேன்."

"கிளிப் இருந்துச்சே."

"எந்தக் கிளிப்?"

"சிவப்புக் கிளிப். வயர்ல."

அந்தக் கடையின் சட்டமே அதுதான். வேலை முடியாத மெஷின் எதுவானாலும் அதன் வயரில் ஒரு சிவப்புக் கிளிப் இருக்கும். துணி காயப்போடும் சாதாரணக் கிளிப். கிளிப் இருக்கும்வரை அந்தப் பொருள் வாசலைத் தாண்டாது. பன்னிரண்டு வருடமாக ஒரு தடவைகூடத் தாண்டியதில்லை.

ரசீதுக்காரர் வாயைத் திறந்தார், மூடினார். அவர் பார்வை பின்கட்டுப் பக்கம் போனது. அங்கே கொடியில் அவருடைய மூன்று சட்டைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சட்டைக்கும் இரண்டு கிளிப். ஐந்து நீலம், ஒன்று சிவப்பு.

"காலையில காத்து அடிச்சு சட்டை கீழ விழுந்துடுச்சு. ஒண்ணு குறைஞ்சது. காஞ்சதும் திருப்பி மாட்டிடலாம்னுதான்..." அவர் குரல் இறங்கியது. "அப்புறம் அதையே மறந்துட்டேன். மத்தியானம் பார்த்தா மெஷின்ல கிளிப் இல்ல. அப்போ முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேன்."

கிளிப்பை எடுத்ததும் அவர்தான், அது இல்லாததால் வேலை முடிந்தது என்று நம்பியதும் அவர்தான். வேறொரு நாளாக இருந்தால் டெஸ்டர்க்கா இதை வைத்து ஒரு வருடம் ஓட்டியிருப்பாள். இப்போது அதற்கு நேரமில்லை.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"எடுத்தேன்." அவர் தரையைப் பார்த்தார். "நானே முதல்ல பேசணுமான்னு வச்சுட்டேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முப்பத்தைந்து.

"வண்டியை எடுங்க. டீச்சருக்குப் போன் போட்டுக்கிட்டே வாங்க."

டீச்சரின் போன் அணைந்திருந்தது. பரீட்சை அறைக்குள் போகிறவர்கள் போனை வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஐந்து மணிக்குத்தான் திரும்பக் கிடைக்கும். வீட்டில் இருப்பவர் அவருடைய அப்பா மட்டும். அவரிடம் போன் கிடையாது, இருந்தாலும் காதில் விழாது.

வண்டி கிளம்பியது. பின்னால் உட்கார்ந்து அவள் அவர் காதருகே சொல்லிக்கொண்டே வந்தாள். நான்கு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் இப்போது வந்தது. அந்த மெஷின் மேலே பார்க்க ஒரு கண்ணாடிக் கூஜாவும் தண்ணீர்த் தொட்டியும்தான். கூஜா உட்காரும் தட்டுக்கு அடியில் வளைந்த ஒரு குழாய் இருக்கிறது. தொட்டித் தண்ணீர் அதற்குள் போய்க் கொதித்து, மேலேறி, காபித்தூள்மேல் சொட்டுகிறது. தண்ணீர் இருக்கும்வரை குழாய்க்கு ஆபத்தில்லை. தண்ணீர் தீர்ந்ததும் குழாய் தாறுமாறாகச் சூடேறும். அப்போது கரண்டை வெட்டிவிடும் காவல்காரன்தான் தெர்மோஸ்டாட். அவனும் தூங்கிவிட்டால் கடைசிக் காவல் ஃபியூஸ். அது தன்னையே எரித்துக்கொண்டு வீட்டைக் காப்பாற்றும்.

"இந்த மெஷின்ல குழாய் முழுக்க உப்பு பிடிச்சிருந்துச்சு. சூடு தாங்காம தெர்மோஸ்டாட் ஒட்டிக்கிச்சு, வெட்டவே மாட்டேங்குது. அதனாலதான் ஃபியூஸ் போச்சு. நான் வினிகர் ஊத்தி உப்பை எடுத்துட்டேன். ஹீட்டர் நல்லா இருக்கான்னு பார்க்க, ஃபியூஸ் இருந்த இடத்துல ஒரு துண்டு நீல வயரை வச்சு நேரா இணைச்சேன். பக்கத்துலயே நின்னு, கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துட்டு, நானே பிளக்கைப் பிடுங்கினேன். அந்த வயர் இன்னும் உள்ளதான் இருக்கு."

"அப்போ இப்போ?"

"இப்போ எந்தக் காவலும் இல்ல. போட்டா போட்டதுதான். வீடே எரிஞ்சாலும் நிக்காது."

வண்டி ஒருமுறை தடுமாறி நிமிர்ந்தது. அவர் வேகத்தைக் கூட்டினார். கழுத்தில் வியர்வை இறங்குவதை அவள் பார்த்தாள்.

"அந்தப் பெரியவர் எப்போ காபி போடுவாரு, தெரியுமா?"

"நாலு மணிக்கு. டீச்சர் சொன்னாங்க. அப்பாவுக்கு நாலு மணின்னா நாலு மணிதான்." அவர் தயங்கினார். "இன்னொண்ணும் சொன்னாங்க. போன தடவை மெஷின் போனதே அவர் அணைக்க மறந்ததாலதானாம். அடுப்பைத் தொடக்கூடாதுன்னு ஏற்கெனவே சொல்லிட்டாங்களாம். இன்னொரு தடவை இப்படி ஆனா அவரைத் தனியா விட முடியாது, முதியோர் இல்லத்துல இடம் பார்த்து வச்சிருக்கேன்னு சொன்னாங்க."

மெஷின் போனது உப்பினால். மறதியால் அல்ல. அது அவளுக்கு முந்தாநாளே தெரியும். வழக்கமாக ரசீதின் பின்பக்கம் பழுதின் காரணத்தை அவரை எழுத வைப்பாள். இந்த முறை எழுத வைக்கவில்லை. வீராப்பு.

பெரிய சாலையில் குழாய் போடக் குழி தோண்டியிருந்தார்கள். வண்டிகள் ஒற்றை வரிசையில் ஊர்ந்தன. முன்னால் ஒரு லாரி, நகர்வேனா என்றது. மூன்று நாற்பத்தெட்டு. ரசீதுக்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். லாரிக்காரர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். வேறு வழியில்லாமல் ரசீதுக்காரர் நடைபாதைமேல் வண்டியை ஏற்றினார். பன்னிரண்டு வருடத்தில் சிவப்பு விளக்கைக்கூடத் தாண்டாத மனுஷன். எதிரே வந்தவர்கள் திட்டினார்கள். திட்டை வாங்கிக்கொண்டே போனார்.

டீச்சர் வீட்டு வாசலில் நின்றபோது மணி மூன்று ஐம்பத்தேழு. பச்சைக் கேட், கழுவிவிட்ட வாசல், ஒரு பூந்தொட்டி. எல்லாம் ஒழுங்காக இருந்தது. ரசீதுக்காரர் இரண்டு கையையும் ஹேண்டிலிலிருந்து எடுத்துவிட்டு மூச்சு விட்டார்.

"மூணு நிமிஷம் இருக்கு" என்றார்.

டெஸ்டர்க்கா மூக்கைச் சுளித்தாள். இத்தனை வருடத்தில் அவள் மூக்குக்கு நன்றாகப் பழகிப்போன ஒரு வாசனை வந்தது. பிளாஸ்டிக் உருகும் வாசனை.

"போட்டுட்டாரு" என்றாள்.

கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. மணியை அழுத்தினாள், கதவை இடித்தாள். உள்ளே டிவி அலறிக்கொண்டிருந்தது. காது மந்தமானவர்கள் வைக்கும் சத்தம். அதற்கு முன்னால் இவர்கள் சத்தம் எம்மாத்திரம். ரசீதுக்காரர் பக்கவாட்டுக்கு ஓடி, "ஐயா, ஐயா" என்று கத்தினார். சமையலறை ஜன்னலுக்குக் கம்பி. உள்ளே கண்ணாடியில் புகை சாம்பலாகப் படர்ந்திருந்தது. அதற்குப் பின்னால் மேடைமேல் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று அசைந்தது.

"உடைச்சிடவா?" தோளைக் கதவில் கொடுத்தார். தேக்குக் கதவு. அவர் தோள்தான் உடையும்.

ஒரு நொடி டெஸ்டர்க்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனிதருக்குக் காது கேட்காது. கதவைத் தட்டிப் புண்ணியமில்லை. பிறகுதான் கண்ணில் பட்டது. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் சாம்பல் நிறப் பெட்டி, மின் மீட்டர், அதன் கீழே மெயின் ஸ்விட்ச்.

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்து நெம்புகோலைக் கீழே இழுத்தாள்.

டிவி நின்றது. வீடு முழுக்க அமைதி. அவள் நொடிகளை எண்ணினாள். எட்டு, ஒன்பது, பத்து. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம். செருப்புச் சத்தம், நிதானமாக. தாழ்ப்பாள் விலகியது.

வேட்டியோ பேண்டோ என்று தெரியாத ஒரு தொளதொளப்பில் பெரியவர் நின்றார். காதில் கருவி இல்லை.

"உங்க வீட்டிலயும் கரண்ட் போயிடுச்சா?" என்றார்.

டெஸ்டர்க்கா அவரை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். சமையலறையில் புகை கண்ணைக் கரித்தது. முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். மெஷினின் அடிப்பாகம் உருகி மேடையில் வழிந்திருந்தது. பக்கத்தில் வைத்திருந்த கைதுடைக்கும் காகித உருளை பற்றிக்கொண்டு, தீ மேலே இருந்த அலமாரியின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் துடைக்கும் பெரிய துண்டைத் தொட்டியில் நனைத்து அமுக்கினாள். ரசீதுக்காரர் ஒரு பெரிய மூடியைக் கொண்டுவந்து கவிழ்த்தார். இன்னொரு துண்டு, இன்னும் தண்ணீர். கடைசிப் பொறியும் சீறி அடங்கியபோது இருவரும் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போன உயிர் திரும்ப வருவது என்றால் என்ன என்பதை அவள் அன்றைக்குத்தான் அறிந்தாள்.

இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால் அலமாரி. அப்புறம் கூரை. அப்புறம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்.

பெரியவர் சமையலறை வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். கூஜா விரிசல் விட்டிருந்தது. அதில் பாதிக் காபி அப்படியே இருந்தது.

"அது பொண்ணோட பங்கு" என்றார். "வர்றப்போ சூடா இருக்கட்டும்னு தட்டுமேலயே வச்சேன். பத்து நாள் கழிச்சு மெஷின் வந்துச்சா, இன்னிக்கு நாலு மணி வரைக்கும் பொறுக்கல." சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்துக் காதில் மாட்டினார். "நீங்க கடைக்காரங்கதானே? மத்தியானம் வந்த தம்பி."

"ஆமா ஐயா" என்றார் ரசீதுக்காரர்.

"தம்பி, ஒரு உதவி பண்ணுங்க. இதை எப்படியாவது தூக்கிட்டுப் போயிடுங்க. மெஷின் சரியில்ல, திரும்ப எடுத்துட்டுப் போயிட்டோம்னு பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. மேடையை நான் தேச்சுக் கழுவிடறேன். நான் மறுபடியும் மறந்துட்டேன்னு மட்டும் அவளுக்குத் தெரிய வேணாம்." அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "தெரிஞ்சா என்னை இங்க வச்சுக்க மாட்டா."

ரசீதுக்காரர் மனைவியைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள்.

வழி அகலமாகத் திறந்துதான் கிடந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். பெரியவரே வேண்டிக் கேட்கிறார், கும்பிடுகிறார். உள்ளே இருக்கும் நீல வயரை யாரும் பார்க்கப் போவதில்லை. கடையின் பெயர் கெடாது. பன்னிரண்டு வருடப் பெயர். வெளியே தெரிந்தால் இந்த ஊரில் ஒரு கரண்டி ரிப்பேருக்குக்கூட யாரும் வரமாட்டார்கள். இதெல்லாம் ஒரே நொடியில் அவள் மனதில் ஓடியது, ஓடவில்லை என்று சொன்னால் பொய்.

"கையை இறக்குங்க ஐயா" என்றாள். "நீங்க எதையும் மறக்கல."

"என்னம்மா?"

"நீங்க மறக்கல. தட்டுமேல சூடா வைக்கிறதுக்குத்தான் அந்த மெஷினே. அணைக்காம வச்சது உங்க தப்பு இல்ல. தப்பு என்னோடது." சூடு ஆறிப்போன மெஷினைக் கவிழ்த்தாள். கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவித் திருகாணிகளைக் கழற்றி, கருகிய அடிமூடியைப் பெயர்த்தாள். "இங்க பாருங்க. இந்த இடத்துல ஃபியூஸ் இருக்கணும். நான் வயரை வச்சேன். வேலை முடியறதுக்குள்ள மெஷின் உங்க வீட்டுக்கு வந்துடுச்சு."

"கொண்டுவந்தது நான்" என்றார் ரசீதுக்காரர். "அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம கொண்டுவந்தேன்."

"கேக்கற மாதிரி நான் வச்சுக்கல" என்றாள் அவள்.

பெரியவர் குனிந்து அந்த வயரைப் பார்த்தார். உறை எரிந்து வெறும் செம்பு மட்டும் மிச்சம். விரலை நீட்டினார், தொடவில்லை. அவர்களைப் பார்க்காமலேயே கேட்டார்.

"அப்போ போன தடவை?"

டெஸ்டர்க்கா பையிலிருந்து காகித உறையை எடுத்துப் பிரித்து, புதுத் தெர்மோஸ்டாட்டை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"போன தடவையும் நீங்க இல்ல. தண்ணியில உப்பு ஜாஸ்தி. மாசம் ஒருதடவை வினிகர் கலந்த தண்ணிய ஓடவிட்டுக் கழுவணும். அதை யாரும் உங்களுக்குச் சொல்லல. உப்பு அடைச்சு இந்த மாதிரி ஒண்ணு கெட்டுப்போச்சு. அதான் காரணம். இது எனக்கு முந்தாநாளே தெரியும் ஐயா. சொல்லாம வச்சது நான்தான்."

பெரியவர் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார். எதிரே ஃப்ரிட்ஜ் கதவில் டீச்சரின் முத்து முத்தான கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அடுப்பைத் தொட வேண்டாம். இஸ்திரி போட வேண்டாம். கதவைப் பூட்டினீர்களா என்று இரண்டு முறை பார்க்கவும். அதை அவர் முதல் தடவை படிப்பவர்போல மேலிருந்து கீழே படித்தார். பத்து நாளாகத் தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த மனிதர். கண்ணைத் துடைத்துக்கொண்டார், அதை மறைக்கவும் இல்லை.

ரசீதுக்காரர் சட்டைப் பையிலிருந்து ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். அவராக எழுதவில்லை. மனைவியிடம் நீட்டினார். அவள் எழுதினாள். இரண்டு பழுதுக்கும் காரணம், நீல வயர், கிளிப், எல்லாம். கடைசி வரி: "இரண்டு முறையும் வீட்டுப் பெரியவர்மேல் எந்தத் தவறும் இல்லை." கீழே கையெழுத்துப் போட்டாள். அவர் அதற்கடியில் தன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் நேரமும் எழுதி, கிழித்துக் கொடுத்தார்.

பெரியவர் விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். மடித்தார். பிறகு மறுபடியும் பிரித்தார்.

"தாள் போதாது" என்றார். "அவ வர்ற வரைக்கும் இருப்பீங்களா? கோபப்படுவா. உங்களை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா."

"தெரியும் ஐயா. இருக்கோம்."

ஜன்னலைத் திறந்துவைத்தார்கள். மேடையைத் தேய்த்தார்கள், கருக்கு போகவில்லை. ஐந்தரை ஆகச் சில நிமிடம் இருக்கும்போது கேட் கிரீச்சிட்டது. ரசீதுக்காரரின் கை தானாக மனைவியின் முழங்கையைத் தேடியது. அவள் விலக்கவில்லை.

கருவி இருந்தும் கேட் சத்தம் பெரியவருக்குக் கேட்டிருக்காது, அவர்கள் திரும்பிய விதத்தில் புரிந்துகொண்டார். இரைச்சல் பிடிக்காது என்று வீட்டில் எப்போதும் கழற்றியே வைத்திருக்கும் அந்தக் கருவியை இப்போது காதிலேயே விரலால் தடவி, சத்தம் கூட்டும் சின்னச் சக்கரத்தைக் கடைசிவரை திருப்பினார்.

"நீங்களே சொல்லுங்கம்மா. மெதுவா, ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்றார். "இதை நான் என் காதால கேக்கணும்."